பீகிளா, லேபரடாரா, சிப்பிப்பாறையா: குமரி வீட்டுக்கு எந்த நாய்?

"பிள்ளைகளோட ஓடி விளையாடணும், நல்ல சுறுசுறுப்பா இருக்கணும், ஆனா வீட்டுல தொந்தரவு இருக்கக் கூடாது." நாய்க்குட்டி தேடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் இரண்டும் எளிதில் கிடைக்கும். மூன்றாவது கிடைக்குமா என்பது, அந்தச் சுறுசுறுப்பு நாயின் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பீகிளுக்கு அது மூக்கில். லேபரடாருக்கு வாயில். சிப்பிப்பாறைக்குக் கண்ணிலும் காலிலும். ஸ்பிட்ஸுக்குத் தொண்டையில். 'எது அதிகச் சுறுசுறுப்பு' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. வாங்கி மூன்று மாதம் ஆனபின் தானாகத் தெரியவரும், அப்போது தெரிந்து பெரிய பயன் இல்லை.

ஊரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழை, இரண்டும் குமரி மாவட்டத்துக்கு உண்டு. நாய் தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துத்தான் இறக்குகிறது. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூடு குறையும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அதனால் 'மதுரை அளவுக்கு வெயில் இல்லையே' என்று நினைத்து மத்தியானம் நாயை ஓடவிடுவது இங்கே ஆபத்து. ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று இருப்பதால் கொஞ்சம் தேவலை. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இலை அசையாத நாள்கள் நிறைய. எந்த இனமானாலும் ஓட்டமும் நடையும் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். இந்த இரண்டு வேளையில் ஒன்றுகூட வீட்டில் யாருக்கும் ஒழியவில்லை என்றால் கீழே வரும் முதல் மூன்று இனங்களைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

பீகிளிலிருந்து தொடங்குகிறேன். இப்போது எல்லாரும் கேட்பது அதைத்தான். 33 முதல் 40 செ.மீ. உயரம், தொங்கும் காது, மூன்று நிறம், எப்போதும் எதையோ கெஞ்சுவது போன்ற கண். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்டு வளர்த்த இனம் இது. நாய்கள் தரையோடு மூக்கை வைத்து மணிக்கணக்கில் தடம் பிடித்து ஓடும்; ஊளையும் குரைப்பும் கலந்த நீண்ட குரலில், தாங்கள் எங்கே போகிறோம் என்று பின்னால் வரும் ஆட்களுக்குத் தெரிவிக்கும். இன்றைக்கு வீட்டில் வளரும் பீகிளின் குணம் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்தில் வளர்ந்த இனம், அதனால் சண்டைக் குணம் குறைவு. பிள்ளைகளோடும் மற்ற நாய்களோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் தனிமை அதற்கு ஆகவே ஆகாது. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் பீகிள் காலை பத்து மணிக்கு ஊளையைத் தொடங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வடசேரி மாதிரி இடத்தில் அந்தக் குரலோடு பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் சிரித்த முகமாக இருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1984-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளில் பழமோ இறைச்சியோ ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கப் பீகிள்களை வைத்தார்கள். மூக்குக் கூர்மை ஒரு காரணம். கூட்டத்துக்குள் புகுந்தாலும் யாரையும் மிரள வைக்காத உருவம் இன்னொன்று. ஒரு துண்டுத் தின்பண்டத்துக்காக மறுபடி மறுபடி சலிக்காமல் வேலை செய்யும் என்பதும் உண்டு. இந்த மூன்றாவது குணத்தை நல்ல வழியில் திருப்பினால் பீகிளைப் பழக்கலாம். திருப்பாவிட்டால் அடுக்களையில் சாளை மீன் வறுத்து மூடி வைத்த பாத்திரம் எங்கே என்பது உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊரில் பீகிளுக்கு உள்ள உண்மையான சிக்கல் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் விளை, அதாவது தோட்டம். மரச்சீனி (மரவள்ளி) மூட்டில் பெருச்சாளி தோண்டிய வளை, கீரி கடந்து போன தடம், ராத்திரி மரநாய் ஏறி இறங்கிய தென்னை என்று காலையில் அங்கே படிக்க அதற்கு அவ்வளவு சேதி இருக்கும். மூக்கு தரையில் பதிந்துவிட்டால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது. வேலிக்கு அடியில் மண் இளகியிருந்தால் தோண்டிக்கொண்டு வெளியே போய்விடும். வெளியே என்ன இருக்கிறது? நடைபாதை இல்லாத சாலை, எதிரே வருவது தெரியாத வளைவு, ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பஸ். வாரில் பிடிக்காமல் பீகிளைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. "நல்லா பழக்கியிருக்கேன், அவுத்துவிட்டாலும் வந்துரும்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய நாய் இன்னும் முயல் வாசனையைச் சந்திக்கவில்லை என்று பொருள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மூக்கில் இருக்கும் சுறுசுறுப்பை மூக்காலேயே தீர்க்கலாம், அதற்கு மைதானம் வேண்டாம். அடைமழை நாளில் திண்ணையில் நாலைந்து தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் வேகவைத்த கோழித் துண்டை வையுங்கள். கண்டுபிடித்ததும் இடத்தை மாற்றி வையுங்கள். கால்மணி நேரத்தில் அது களைத்துப் படுத்துவிடும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வேறு எந்தச் சுறுசுறுப்பான இனத்தையும் இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு குறைந்த செலவில் களைக்க வைக்க முடியாது என்பது என் எண்ணம். ஜூலை மாதம் முழுக்கப் பெய்யும் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

காதைக் கவனிக்க வேண்டும். தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். வாரம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, ஈரமிருந்தால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், குச்சியை உள்ளே விடாதீர்கள். உடம்பும் எளிதில் பெருத்துவிடும். காவலுக்கு என்று வாங்குவதாக இருந்தால் மறந்துவிடலாம். வீட்டுக்கு வரும் யாரையும், ராத்திரி வருகிறவரையும் சேர்த்து, வாலாட்டி வரவேற்கும்.

லேபரடாரின் கதை கடலோரத்தில் தொடங்குகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களிடம் இருந்த நாய்களின் வழி வந்தது. தண்ணீரில் விழுந்த கயிற்றைக் கவ்வி இழுப்பது, வலையிலிருந்து நழுவிய மீனைப் பிடித்து வருவது போன்றவைதான் அவற்றின் வேலை. கொளச்சலிலோ முட்டத்திலோ சொன்னால் விளக்கமே தேவைப்படாது. பிறகு இங்கிலாந்துக்குப் போய், சுட்ட பறவையைச் சிதைக்காமல் கவ்வி வரப் பழக்கப்பட்டு, 1903-ல் அங்குள்ள கென்னல் கிளப்பின் அங்கீகாரம் பெற்றது. ஆக, எதையாவது வாயில் வைத்திருப்பதும் அதை மனிதரிடம் கொண்டுவந்து கொடுப்பதும் இதற்குப் பிறவிக் குணம். மனிதரைப் பார்த்து வேலை செய்யும் இனம் ஆதலால் பழக்குவது பீகிளைவிடப் பல மடங்கு எளிது. கூப்பிட்டால் வரும். பந்தை எறிந்தால் கொண்டுவரும். பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்காக இழுக்க விடக் கூடாது.

தொல்லையும் அதே வாயில்தான். லேபரடார் பெரிய நாயாகத் தோன்ற ஓராண்டு போதும், புத்தி வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். இடையில் செருப்பு, மிதியடி, சைக்கிள் ரக்சின், எல்லாம் போகும். ரப்பர் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டைக் கடித்து இழுப்பதும், மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவ்விக்கொண்டு வருவதும் அதற்கு விளையாட்டு. ஒட்டுப்பாலை, அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பரை, விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், பிறகு அறுவை சிகிச்சைதான். ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஆசிட் இருக்கும் இடத்தைப் பூட்டியே வையுங்கள்.

சாப்பாட்டில் லேபரடாருக்குப் போதும் என்பதே கிடையாது. இது வெறும் பேராசை இல்லை. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், ஏறத்தாழ நாலில் ஒரு லேபரடாருக்கு வயிறு நிறைந்த உணர்வைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பதைக் கண்டார்கள். 'பாவம், பசிக்கிறது போல' என்று ஆளுக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வீட்டில் இதை வளர்த்தால் மூன்று வயதில் பீப்பாய் மாதிரி ஆகிவிடும். அந்தப் பளு முழுக்க இடுப்பு மூட்டில் இறங்கும், அங்கேதான் இந்த இனத்துக்குப் பிறவிப் பலவீனமும் இருக்கிறது. புது வீடுகளில் முகம் தெரிய இழைத்த டைல்ஸ் தரை வழுக்கி அதை இன்னும் மோசமாக்கும். குட்டி நடமாடும் இடத்தில் சாக்கோ கயிற்றுப் பாயோ விரித்துப் போடுங்கள்.

25 கிலோவுக்கு மேல் வளரும் இந்த நாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது வேலை வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் ஓடும் மாதங்களில், இழுப்பு இல்லாத, ஆழம் தெரிந்த இடத்தில் நீந்த விடலாம். நீச்சலில் மூட்டுக்கும் பாரமில்லை, உடம்பும் சூடேறாது. மழை கொட்டி வெள்ளம் கலங்கி வரும் நாள்களில் இறக்க வேண்டாம். சொத்தவிளைக் கடலிலும் வேண்டாம், அங்கே அலையின் இழுப்பு மனிதருக்கே பொல்லாதது. கரையேறியதும் காதைத் துடைத்துவிடுங்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் நம் பக்கத்து மண்ணின் நாய்கள். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் காட்டில் கண்ணால் பார்த்து முயலைத் துரத்தவென்று வளர்த்தவை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த நாய்களின் பெயரைச் சொன்னபின், நகரத்துக்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஆசை நியாயமானதுதான். ஒட்டிய முடி, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால் எல்லாமே வெயிலுக்கென்று அமைந்தவை. குளிப்பாட்டும் வேலை குறைவு, உண்ணி ஏறினால் உடனே கண்ணில் படும், சாப்பாடும் அளவோடு தின்னும். பலர் நினைப்பதற்கு மாறாக, வீட்டுக்குள் மிக அமைதியான நாய். சில நிமிடம் பாய்ந்து ஓடும், மீதி நேரம் சுருண்டு தூங்கும்.

ஆனால் அந்தச் சில நிமிடத்துக்கு இடம் எங்கே? நாஞ்சில் நாட்டில் அறுவடை முடிந்த வயலில் கிடைக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமும் வேலியுமாகக் கிடக்கும் விளைகளில் கிடைக்காது. அப்புறம் கோழி. பக்கத்து வீட்டுக் கோழி குறுக்கே ஓடினால் சிப்பிப்பாறையின் கண் அதிலேயே குத்தி நிற்கும், அடுத்த நொடி கால் தரையில் இருக்காது. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அதற்காகவே வளர்த்த நாய் அது. ஆறடிச் சுவர் இல்லாமல், கோழியும் ஆடும் வளர்க்கிறவர்கள் நடுவில் இதைக் கொண்டுவந்தால் நாய் வளர்த்த செலவைவிடக் கோழிக்குக் கொடுத்த நஷ்ட ஈடு கூடுதலாக வரும். மழைக்காலத்தில் மெல்லிய தோல் குளிரில் நடுங்கும், படுக்க உலர்ந்த உயரமான இடம் வேண்டும். ஒரு ஆளிடம் ஆழமாக ஒட்டும், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் குழையாது. எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். நாள்தோறும் விருந்தாளி வரும் வீட்டுக்குப் பிடிக்காது.

ஸ்பிட்ஸ், அதாவது நாம் பழக்கத்தில் பொமரேனியன் என்று சொல்லிவரும் அந்த வெள்ளை நாய், இங்கே பல வீடுகளில் பல தலைமுறை பார்த்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீட்டுக்குள்ளேயே அங்குமிங்கும் ஓடித் தன் சுறுசுறுப்பைத் தீர்த்துக்கொள்ளும், வயதானவர்களோடு நன்றாக இருக்கும், கேட்டில் இலை விழுந்தாலும் அறிவிக்கும். சின்னப் பிள்ளைகள் சீண்டினால் கடித்துவிடக் கூடும். மழையில் நனைந்தால் முடி சடை கட்டும், அதற்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும், நாள்தோறும் சீவ ஆள் வேண்டும். வெயிலுக்கென்று முடியை ஒட்ட மழித்துவிடாதீர்கள், தோலைக் காப்பதே அந்த முடிதான்.

ஹஸ்கி பற்றியும் கேட்கிறார்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாயைக் கருங்கல் ஊரில் கட்டி வைத்து இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓட்டுவதை நான் வளர்ப்பு என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் விட்டாலும் நாட்டு நாயைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதன் சுறுசுறுப்பு ஒரு உறுப்பில் மட்டும் தேங்கியிருப்பதில்லை. மூக்கு, கண், காது எல்லாம் போதுமான அளவு, எதுவும் பித்துப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. காலையும் மாலையும் துள்ளும், மத்தியானம் நிழலில் படுத்துவிடும். இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அதன் நேரக்கணக்கு ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது. காவல் உணர்வு இயல்பாகவே உண்டு. குறை என்னவென்றால் குட்டியைப் பார்த்து வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று சொல்வது கடினம், அந்நியரிடம் கூச்சமோ சந்தேகமோ கூடுதலாக இருக்கலாம். நோயே வராது என்ற நம்பிக்கையும் தவறு. பார்வோ வைரஸ் இனம் பார்க்காது, தெருக்குட்டிகளும் அதில் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. தடுப்பூசியும் கருத்தடையும் இதற்கும் கட்டாயம்.

இனி வீடுகளைப் பார்ப்போம். குமரியில் அடிக்கடி காணும் நிலைமை இது: ஆண் வளைகுடாவில், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். அங்கிருந்து போன் வரும்.

"மச்சான், பிள்ளைகளுக்குத் துணையா ஒரு பீகிள் வாங்கிப் போடட்டா?"

"வாங்கலாம் மச்சான். காலையில அதை யாரு பிடிச்சுக்கிட்டு நடப்பா?"

"அம்மை இருக்காளே."

"அம்மைக்கு முட்டு வலி. லேபரடார் இழுத்தா விழுந்துருவா, பீகிள் ஓடினா பின்னால போக முடியாது."

இந்த வீட்டுக்கு நாட்டு நாய்க்குட்டி, அல்லது ஸ்பிட்ஸ். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டி, தாமே காலையில் எழுந்து அரைமணி நேரம் நடப்பார்கள் என்றால் பீகிளை யோசிக்கலாம். பரீட்சை மாதங்களிலும் நடப்பார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தாயும் தகப்பனும் இருவரும் வேலைக்குப் போய், பகலில் பூட்டிக் கிடக்கும் நாகர்கோவில் வீட்டுக்குப் பீகிளும் லேபரடாரும் வேண்டாம். அதிகாலை ரப்பர் வெட்டிவிட்டுப் பத்து மணிக்குள் வீடு திரும்பும் குடும்பத்துக்கு லேபரடார் நன்றாகவே பொருந்தும். பகலில் ஆள் இருக்கும், மாலையில் நேரம் இருக்கும். சுற்றுச்சுவரும் நெல்வயலும் இருக்கும் பூதப்பாண்டிப் பக்கத்து வீட்டுக்குச் சிப்பிப்பாறை அழகு. கோழி மட்டும் கூட்டுக்குள் இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் இந்த ஊருக்கென்று இரண்டு கவனம். உண்ணி மருந்தை மழைக்காலத்தில் நிறுத்தாதீர்கள். உண்ணி வழியே வரும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் ரத்தத்தையே குலைத்துவிடும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். தேங்கிய நீரில் இறங்கும் லேபரடாருக்கும் பெருச்சாளி வளையில் மூக்கை விடும் பீகிளுக்கும் அது நேரடி ஆபத்து. நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் வழியே வீட்டாருக்கும் தொற்றலாம். உணவில் சோறு, முள் எடுத்த மீன், முட்டை எல்லாம் ஆகும். பச்சை மரச்சீனியும் அதன் தோலும் ஆகாது, அவற்றில் நஞ்சு உண்டு.

குட்டியை வாங்கும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள். பயந்து ஒதுங்கும், அல்லது சீறும் தாயின் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். 'நாற்பது நாள் குட்டி, பால் மறந்தாச்சு' என்பவரிடம் வாங்க வேண்டாம். மாதம் என்று கேட்டால் ஜனவரி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெளியே மூத்திரம் போகப் பழக்குவது எளிது, கோடை வருமுன் குட்டி கொஞ்சம் தேறிவிடும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். அதுவரை தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்காதீர்கள். ஆனால் குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்வது ஏறக்குறைய பதினாலு வாரத்துக்குள்தான், அதனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸையும், மீன்காரரின் கூவலையும், குடை பிடித்து வரும் ஆளையும் காட்டுங்கள். வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து பழக்குங்கள். நம் ஊரில் கோயில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் மாறி மாறி வரும். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவை அடுத்துக் கிறிஸ்துமசும் புத்தாண்டும் வந்துவிடும். சத்தம் மெல்லக் கேட்கும் இடத்தில் நின்று, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தின்பண்டம் கொடுங்கள். குட்டி தின்ன மறுத்தால் இன்னும் தள்ளிப் போய் நில்லுங்கள்.